கரி யாருக்கு, சாம்பல் யாருக்கு?

அமெரிக்கா என்றதும் வானளாவிய மாளிகைகளும் வீட்டுக்கு வீடு மோட்டார் காரும்தான் நமக்குக் காட்டப்படுகின்றன. அந்த நாட்டின் ஐம்பது மாநிலங்களில் ஒன்றான மேற்கு வர்ஜீனியாவைப் பற்றி நமக்கு யாரும் சொல்வதில்லை. முழுவதும் மலைப் பிரதேசம். 55 ஜில்லாக்கள். அநேகமாக எல்லா ஜில்லாக்களிலும் பூமிக்கடியில் நிலக்கரி இருக்கிறது. அந்தக் கரிதான் அமெரிக்காவின் இரும்பு உலைகளை எரித்தது, ரயில்களை ஓட்டியது, யுத்தக் கப்பல்களைச் செலுத்தியது. ஆனால் வருமானக் கணக்கைப் பார்த்தால் இந்த மாநிலம் இன்றும் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

ஏன் இப்படி? மக்கள் சோம்பேறிகளா? அறிவில்லாதவர்களா? மால்டன் என்ற ஊரின் உப்புக் கொட்டடியில் சிறுவனாக உழைத்தவர்தான் பின்னாளில் கறுப்பு மக்களுக்குக் கல்விச்சாலை நடத்திய புக்கர் வாஷிங்டன். மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் பெரும் தலைவர் வால்டர் ராய்தர் பிறந்தது இங்குள்ள வீலிங் நகரில். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக் இந்த மண்ணில் பிறந்தவர். 1962ல் ஜான் கிளென் விண்வெளியில் பூமியைச் சுற்றி வந்தாரே, அவருடைய பாதைக் கணக்கைச் சரிபார்த்த கறுப்புப் பெண்மணி காதரீன் ஜான்சனும் இந்த மாநிலத்தவர்தான். ஆகவே குறை மக்களிடம் இல்லை. வேறு எங்கே என்று தேட வேண்டும்.

சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். முன்பு இது வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி. 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் என்ற முதியவர், வெள்ளையரும் கறுப்பருமாகச் சுமார் இருபது பேருடன் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் இருந்த சர்க்கார் ஆயுதசாலையைப் பிடித்தார். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து எழுப்புவது அவர் திட்டம். அது தோற்றது. டிசம்பர் 2ஆம் தேதி சார்லஸ் டவுனில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1861ல் அடிமைமுறையைக் காக்க வர்ஜீனியா அமெரிக்க ஐக்கியத்தை விட்டு விலகியது. மேற்கு மலை ஜில்லாக்கள் அதனோடு போக மறுத்தன. 1863 ஜூன் 20ஆம் தேதி அவை தனி மாநிலமாயின.

அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் புது எஜமான் ரயிலேறி வந்தான். 1873ல் மலைகளைக் கடந்து ரயில் பாதை முடிந்தது. அதற்குப் பின் வெளியூர்க் கம்பெனிகளின் தரகர்கள் வந்து விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். மேலே உழுதுகொள், அடியிலுள்ள கனிப்பொருள் எங்களுடையது என்பதுதான் அந்தப் பத்திரங்களின் சாரம். ஏக்கருக்குக் கொடுத்தது சொற்பக் காசு. அன்று கைமாறிய செல்வம் திரும்பி வரவேயில்லை.

சுரங்கத்தைச் சுற்றிக் கம்பெனி ஊர்கள் எழுந்தன. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, டாக்டரும் கம்பெனி ஆள். பல இடங்களில் கூலியைப் பணமாகக் கொடுக்காமல் கம்பெனி முத்திரை குத்திய வில்லைகளாகக் கொடுத்தார்கள். கம்பெனிக் கடை தவிர வேறெங்கும் அது செல்லாது. சங்கம் என்று வாய் திறந்தால் பால்ட்வின்-பெல்ட்ஸ் என்ற கூலிப்படை வந்து சட்டி பானையைத் தெருவில் எறியும்.

1912ல் பெயிண்ட் கிரீக், கேபின் கிரீக் பள்ளத்தாக்குகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. வீடிழந்த குடும்பங்கள் கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்தன. 1913 பிப்ரவரியில், கவசம் பூட்டிய ரயிலில் வந்த அடியாட்கள் இரவில் அந்தக் கூடாரங்களைச் சுட்டார்கள். தொழிலாளருக்குத் துணை நின்ற ஜோன்ஸ் அம்மாளுக்கு அப்போது எழுபது வயது கடந்துவிட்டது. அவர் கணவரையும் நான்கு குழந்தைகளையும் 1867ல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அந்தக் கிழவியை ராணுவக் கோர்ட்டில் நிறுத்தித் தண்டித்தார்கள். கூடாரத்தைச் சுட்டவர்களை எந்தக் கோர்ட் தண்டித்தது?

1920 மே 19ஆம் தேதி மேட்வான் என்ற ஊரில் போலீஸ் அதிகாரி சிட் ஹாட்பீல்டு தொழிலாளர் பக்கம் நின்றார். நடந்த சண்டையில் கூலிப்படையினர் ஏழு பேரும், ஊர் மேயரும், இரு தொழிலாளரும் மாண்டனர். மறு ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆயுதமின்றி வெல்ச் நகரக் கோர்ட் படியேறிய ஹாட்பீல்டைச் சுட்டுக் கொன்றார்கள். மலைநாடு கொதித்தது. சுமார் பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிப் பிளேர் மலை நோக்கி நடந்தனர். கறுப்பர், இத்தாலியர், மலைநாட்டு வெள்ளையர் என்று கம்பெனி பிரித்துக் குடிவைத்த மூவரும் ஒரே அணியில் நடந்தார்கள். கம்பெனிப் பணம் வாங்கிய லோகன் ஜில்லா ஷெரீப் விமானத்திலிருந்து குண்டு போடச் செய்தார். ராணுவம் வந்தபின் தொழிலாளர் துப்பாக்கியை வைத்துவிட்டு வீடு திரும்பினர். 1922ல் அவர்கள் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. எந்தக் கோர்ட்டில்? ஜான் பிரவுனை விசாரித்த அதே சார்லஸ் டவுன் கோர்ட்டில்!

அது தோல்விதான். அதை மறைக்கத் தேவையில்லை. சங்கம் நொறுங்கியது. 1933ல் சங்கம் சேரும் உரிமையைச் சட்டம் ஒப்புக்கொண்டதும், அதே மலைத்தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மீண்டும் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

சுரங்கச் சாவுகளின் கணக்கைப் பாருங்கள். 1907 டிசம்பர் 6, மோனாங்கா: 362 பேர். 1968 நவம்பர் 20, பார்மிங்டன்: 78 பேர். இவை வெடிவிபத்துகள். இவற்றுக்கு வெளியே, நுரையீரலில் கரித்தூசி படிந்து மூச்சுத் திணறிச் செத்தவர் எண்ணிலடங்கார். அது தொழில்நோய் அல்ல என்று கம்பெனி டாக்டர்கள் சாதித்தார்கள். 1969 பிப்ரவரியில், தலைவர்களின் உத்தரவுக்குக் காத்திராமல் சுமார் 40,000 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மூன்று வாரத்தில் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நாடு முழுவதற்குமான சுரங்கப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இத்தனை காலம் பிணங்களால் வராத சட்டம் வேலைநிறுத்தத்தால் வந்தது.

ஆனால் சட்டப் புத்தகம் தானாக நடக்காது. 1972 பிப்ரவரி 26ஆம் தேதி பிட்ஸ்டன் கம்பெனியின் கழிவுநீர் அணை உடைந்து பபலோ கிரீக்கில் 125 பேர் மடிந்தனர். அது கடவுள் செயல் என்றது கம்பெனி! 2010 ஏப்ரல் 5ஆம் தேதி அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் இறந்தனர். அதன் முதலாளி டான் பிளாங்கன்ஷிப்புக்குக் கிடைத்த தண்டனை ஓராண்டுச் சிறை.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரும் இங்கே வருகிறது: யூனியன் கார்பைடு. 1930ல் அதன் மின்சாரத் தேவைக்காக ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்தார்கள். தண்ணீர் விட்டுத் துளைத்தால் கல்தூசி அடங்கும். ஆனால் வேலை மெதுவாகும். எனவே உலர்ந்தபடியே துளைத்தார்கள். பெரும்பாலும் கறுப்புத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பின்னாளில் ஆராய்ந்த ஒரு டாக்டரின் கணக்கு 700க்கும் மேல். 1984 டிசம்பரில் போபாலில் மக்களைக் கொன்ற அதே விஷப்பொருளை இந்த மாநிலத்தின் இன்ஸ்டிடியூட் என்ற ஊரிலும் அக்கம்பெனி தயாரித்து வந்தது. 1985 ஆகஸ்டில் அந்த ஆலையிலிருந்து வேறொரு ரசாயனம் கசிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போயினர். தேசம் எதுவானாலும் லாபக்கணக்கு ஒன்றே.

இயந்திரம் வந்ததால் வேலை போயிற்று, யாரைக் குறை சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. இயந்திரம் வந்தது குற்றமல்ல. அது மிச்சம் பிடித்த கூலி யார் பைக்குப் போயிற்று? கரியில் கொழித்த மெக்டவல் ஜில்லாவில் 1950ல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்தார்கள்; 2020ல் சுமார் 19,000 பேர். 1961ல் அமெரிக்க சர்க்கார் ஏழைகளுக்கு உணவுச் சீட்டுத் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் சீட்டு வழங்கப்பட்டதும் அந்த ஜில்லாவில்தான்!

போராட்டம் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 2018 பிப்ரவரி 22ஆம் தேதி 55 ஜில்லாக்களின் பள்ளி ஆசிரியர்களும் ஊழியர்களும் வெளியேறினர். பலர் கழுத்தில் அதே சிவப்புக் கைக்குட்டை. சட்டம் அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமை தரவில்லை. கவர்னரோ நிலக்கரி முதலாளி ஜிம் ஜஸ்டிஸ். பிப்ரவரி 27ஆம் தேதி, கவர்னரும் சங்கத் தலைவர்களும் உடன்பாடு என்று அறிவித்தார்கள். சட்டமாகாத வாக்குறுதியை நம்ப மாட்டோம் என்று ஆசிரியர்கள் பள்ளிக்குத் திரும்ப மறுத்தார்கள். மார்ச் 6ஆம் தேதி 5 சத உயர்வு சட்டமாயிற்று. அது ஆசிரியருக்கு மட்டுமல்ல, மாநில ஊழியர் அனைவருக்கும் கிடைத்தது.

மேற்கு வர்ஜீனியாவில் கரி போன இடம் ஒன்று. சாம்பல் விழுந்த இடம் வேறு. அடிநிலத்துக்கு உரிமை போன அன்றே அது தீர்மானமாகிவிட்டது. அதற்குப் பின் தொழிலாளி திரும்பப் பெற்ற ஒவ்வொரு காசும், ஒவ்வொரு பாதுகாப்பும் அவன் கை நின்றபோதுதான் கிடைத்தது. அந்த மலைத்தொழிலாளரின் கதையை ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் உள்ள நம் தோழர்கள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.