ஓடும் கணினியை ஓரங்கட்டலாமா?

2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறச் சொல்கிறார்கள். அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இங்கேயே கழித்துக்கட்டப்படுகின்றன. பில் போடும் கடைக்காரருக்கும் படிக்கும் பிள்ளைக்கும் அவை இன்றும் தாராளமாகப் போதும்.

பாதுகாப்பு முக்கியம்தான். அதன் செலவு முழுவதையும் வாங்கியவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பிய பிறகு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டுக் கூடுதல் புதுப்பிப்பு இலவசமானது. மற்ற இடங்களிலோ 30 டாலர் கட்டணம், அல்லது கணினி அமைப்புகளை ஒன்டிரைவில் சேமிப்பது போன்ற நிபந்தனைகள். ஐரோப்பியருக்குக் கிடைத்தது இந்தியருக்கு ஏன் கிடைக்கவில்லை?

சென்னையிலுள்ள அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் பழைய கணினிக்கு மறுவாழ்வு தரும். பள்ளிகள் தயங்காமல் முயலலாம். எத்தனை ஆண்டு மென்பொருள் ஆதரவு உண்டு என்பதைக் கணினியின் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என மத்திய நுகர்வோர் துறை உத்தரவிட வேண்டும்.