உடுக்கையடிப்பவன் கூலியாளோ?

கொங்குநாட்டில் மாசி, பங்குனி பிறந்துவிட்டால் ஊர்தோறும் நோம்பி சாட்டுவர். கம்பம் நட்டபின் இரவுதோறும் பறை முழங்கும், கும்மி நடக்கும், உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவோர் விடியுமளவும் பாடுவர். அண்மை ஆண்டுகளில் அக்களத்தில் பாடகரினும் மிகுதியாக நிற்பவை படப்பிடிப்புக் கருவிகளே. பொழுது புலர்வதற்குள் பாட்டு, யூடியூப் என்னும் வலையொளியில் ஏறிவிடுகின்றது. கேட்போர் பெருகப் பெருக விளம்பரப் பங்கு ஏற்றியவன் கணக்கிற் சேர்கின்றது. பாடியவனோ ஓரிரவுக் கூலியும் ஒரு துண்டும் பெற்று ஊர் திரும்புகின்றான். தொண்டை அவனுடையது, கதை அவன் பாட்டனிடம் கேட்டது, வருவாய் மட்டும் பிறனுடையது!

இது புதிய கொடுமையன்று. 1902-இல் வெள்ளையர் நிறுவனம் கல்கத்தாவில் கவுகர் சானின் குரலைப் பதிந்தது. 1908-இல் அங்கேயே இசைத்தட்டு ஆலையும் நிறுவியது. அன்றிலிருந்து நடைமுறை ஒன்றே. பெரும்பாலான பாடகர்க்கு ஒருமுறைத் தொகை; தட்டு எத்துணை விற்பினும் ஆதாயம் நிறுவனத்திற்கு. கொடுமுடி தந்த கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் 'நந்தனார்' படத்திற்கு ஓரிலக்கம் உருபா கேட்டுப் பெற்றார் என்பது உண்மையே. கேட்டுப் பெறும் வலிமை எத்தனை பேர்க்கு வாய்க்கும்? பவானியிலும் சென்னிமலையிலும் தறியில் அமர்ந்தவனுக்கு இக்கணக்கு நன்கு தெரியும்: நூல் கொடுத்தவனுக்குத் துணி; நெய்தவனுக்குக் கூலி. நெசவாளரேனும் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். பாணர் மரபினர் இன்னும் தனித்தனியே நின்று விலைபோகின்றனர். கொல்லிமலை ஓரி பாணர்க்கு வழங்கிய நாடன்றோ இது!

திரையுலகில் நேர்ந்ததும் அதுவே. 1977-இல் உச்சநீதிமன்றம், படத்திற்கெனக் கூலி பெற்று இசையமைத்தவனுக்கு உரிமையில்லை, எடுத்தவனே முதல் உரிமையாளன் என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலேயே நீதிபதி வி.ஆர். கிருட்டிண ஐயர், பாடுவோர்க்குச் சட்டத்தில் இடமேயில்லாத குறையைச் சுட்டிக் காட்டினார். அக்குறை நீங்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் ஒலிநாடா வந்து பெருநிறுவனத்தின் தனியாட்சியை ஒருவாறு உடைத்தது; சிற்றூர்ப் பாட்டும் கடைக்கு வந்தது. ஆயினும் முதலாளிகள் பெருகினரேயன்றிப் பாடகர் நிலை உயரவில்லை.

இணையம் வந்தபின், இனி இடைத்தரகர் இலர் என்றனர். கோவை இளைஞர் ஆதி தம் நண்பருடன் 'இப்பாப்புத் தமிழா' என்னும் பெயரில் 2011-இல் இணையத்தில் விட்ட பாட்டு நாடெங்கும் பரவியது. (தமிழா என விளிக்க ஆங்கிலம் முன்னே வரவேண்டுமோ என்பது வேறு கேள்வி.) அவரும் பின்னர்த் திரைப்படத்திற்கே சென்றார். வழி வேறாயினும் சந்தை அங்கேதான் இருந்தது.

திரைக்கு வெளியே நின்று வென்ற பாட்டின் கதை இன்னுங் கசப்பானது. 2021 மார்ச்சில் 'மாச்சா' என்னும் நிறுவனம் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை வெளியிட்டது. எழுதிப் பாடியவர் அறிவு. உடன் பாடியவர் தீ. இசையாக்கத்தில் சந்தோசு நாராயணன். தலைப்பின் முற்பாதி நமக்கு உடன்பாடன்று. ஆனால் நிலமற்ற உழைப்பாளரின், இலங்கைத் தேயிலைக் காட்டில் தேய்ந்த முன்னோரின் வாழ்வைப் பாடியது அப்பாட்டு. நாற்பது கோடிக்கு மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோசு நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். நிறுவனம் அதனை மறுத்தது. யார் சொல் மெய் என்பதை ஆய்ந்து தீர்ப்பது வழக்கு மன்றத்தின் வேலை. மூன்றாண்டு ஓடிய பின்னும் கணக்கில் இருதரப்பும் ஒன்றுபடாத நிலை எப்படி நேர்ந்தது என்பதே மக்கள் கேட்க வேண்டியது. பெயர்பெற்ற இசையமைப்பாளர்க்கே இந்நிலையெனில், கோவைக்கு மேற்கே அட்டப்பாடி மலையில் ஆடு மேய்த்துப் பாடிய இருளர் மூதாட்டி நஞ்சியம்மாள் போன்றோர் யாரிடம் கணக்குக் கேட்பர்? அவர் 2020-இல் வெளிவந்த மலையாளப் படத்தில் பாடிய பாட்டிற்கு 2022-இல் நாட்டின் சிறந்த பின்னணிப் பாடகி விருது கிடைத்தது. விருது பெருமைதான், அது பங்குத்தொகை ஆகாது.

நிறுவனங்கள் பணம் போடுகின்றன, பல பாட்டு தோற்கின்றன என்பர். போட்டதை எடுக்கட்டும். எடுத்தபின் பங்கிட மறுப்பதும் கணக்கை மறைப்பதும் எந்த அறம்?

சட்டம் இன்று அத்துணைக் கொடிதன்று; அறியாமையே கொடிது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையை விற்றாலும் பங்குத்தொகையில் சமபங்கு கேட்கும் உரிமையை விற்க இயலாது. எழுத்தில் இல்லாத உரிமைமாற்றம் செல்லாது. காலம் குறியாவிடின் ஐந்தாண்டே. இடம் குறியாவிடின் இந்தியா மட்டுமே. இதனை நன்கறிந்த நிறுவனங்கள் 'அண்டமெங்கும், என்றென்றும்' என்றெழுதிக் கையொப்பம் கேட்கின்றன, அதுவும் ஆங்கிலத்தில்! தமிழில் பாடித் தமிழர்க்கு விற்கும் பாட்டிற்கு, பாடியவன் படிக்கவியலா மொழியில் முறி எழுதுவது அடிமைச் சீட்டெழுதுவதனினும் எவ்வகையில் வேறு?

அண்ணன்மார் கதைக்கு ஆசிரியன் இலன். ஆகவே யாரும் எடுக்கலாம் என்பது பொய்வாதம். கதை பொது, அன்றிரவு அவன் பாடிய பாட்டு அவனுடையது. நிகழ்த்துவோன் இசைவின்றிப் பதிவு செய்து வணிகம் நடத்துதல் கூடாது; அவ்வுரிமை ஐம்பதாண்டு நிற்கும். 1965-இல் பிரெண்டா பெக் என்னும் மேனாட்டு அம்மையார் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அக்கதையைப் பாடக் கேட்டு நாடாவிற் பதிந்து, பின்னர்த் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேற்றினார். கடல் கடந்து வந்தவர் மதித்துப் பாதுகாத்ததை, உள்ளூர்க் கைப்பேசி காசாக்கித் தின்கின்றது.

வரும் நோம்பிக்குக் கம்பம் நடுமுன்னரே ஊர்ப்பெரியவர்கள் ஒன்று செய்யலாம். படம் பிடிக்க வருவோரிடம், பாடுவோர் பெயரும் ஊரும் பாட்டோடு காட்டப்படும், வருவாயில் இன்ன பங்கு அவர்க்குச் சேரும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி ஒப்பம் வாங்கட்டும். ஒப்பமிடாதவன் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எல்லாரையும் போலக் கீழே அமர்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.