கோமாளிகளைக் கைவிட்டவர் யார்?

"காதலிக்க நேரமில்லை" 1964ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம். அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அதனை நினைந்து சிரியாத தமிழர் வீடு அரிது. படமெடுக்கப் புறப்பட்ட செல்லப்பா, தன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லி அவரை நடுங்கவைக்கும் காட்சியில் நாகேஷும் பாலையாவும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றனர். அச்சிரிப்பின் பின்னே எழுதுகோலுடன் நின்றவர் சித்ராலயா கோபு.

செங்கற்பட்டில் இயக்குநர் ஸ்ரீதருடன் ஒரே பள்ளியிற் படித்த சடகோபனே பின்னாளில் கோபு ஆனார். 1959இல் "கல்யாணப் பரிசு", 1967இல் "ஊட்டி வரை உறவு", 1968இல் "கலாட்டா கல்யாணம்" என அவர் எழுத்து தொடர்ந்தது. மேடையிற் புகழ்பெற்ற தமது "காசேதான் கடவுளடா" நாடகத்தை 1972இல் தாமே இயக்கித் திரைக்குக் கொண்டுவந்தார். காதல், ஆள்மாறாட்டம், பணத்தாசை கொண்ட தந்தை, கையிற் காசில்லாத இளைஞன்: இவையே அவரது மூலதனம். அம்மூலதனம் தெலுங்கிலும் இந்தியிலுங்கூட விலைபோயிற்று. "காதலிக்க நேரமில்லை" அவ்விரு மொழிகளிலும் மீண்டும் எடுக்கப்பட்டது.

இப்புகழைக் கண்டு நம்மவருள் இரு சாரார் இருவகைத் தீர்ப்புக் கூறுவர். "இனம் அல்லலுறும் வேளையில் சிரிப்பு ஒரு கேடா?" என்பர் ஒரு சாரார். "ஈழத்தமிழனுக்கு நகைச்சுவை வராது; அது சென்னையின் சரக்கு" என்பர் மற்றையோர். சாட்சியத்தைப் பாராமல் எழுதப்பட்ட தீர்ப்புகள் இவை. இரண்டும் தள்ளுபடி செய்யப்படத் தக்கவை.

முதற் சாட்சி நமது களரியே. விடியும்வரை ஆடப்படும் கூத்தில், அரசன் வருமுன் கட்டியகாரன் வருகிறான். கண்ணீர்க் கதையைக் காணவந்த உழவன் அவனைக் கண்டு சிரிக்கிறான். சிரித்ததனால் அழுகையை மறந்தானில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியபோது, "கர்ணன் போர்", "இராவணேசன்" ஆகியவற்றுக்கிடையே "நொண்டி நாடகம்" ஒன்றையும் 1963இல் சேர்த்துக்கொண்டார். வீரமும் அவலமும் மட்டுமே தமிழன் உடைமை என்று அவர் எண்ணவில்லை.

இரண்டாம் சாட்சி எஸ். ராம்தாஸ். இலங்கை வானொலியில் அவர் எழுதிய "கோமாளிகளின் கும்மாளம்" ஒலித்த நாள்களை முதியோர் மறந்திரார். தமிழரான ராம்தாஸ் அதில் மரிக்கார் என்னும் முஸ்லிமாகப் பேசினார். தமிழரான செல்வசேகரன் உபாலி என்னும் சிங்களவராகப் பேசினார். முஸ்லிமான அப்துல் ஹமீட் ஐயராகப் பேசினார். ராஜகோபால் அப்புக்குட்டியானார். அப்பெயர்களே அவர்தம் இயற்பெயர்களுக்கு முன் ஒட்டிக்கொண்டன என்றால், மக்கள் அளித்த பட்டம் அதனினும் வேறு யாது? அவ்வானொலித் தொடரின் வலிமையிலேயே 1976இல் "கோமாளிகள்" திரைப்படமாயிற்று.

பேச்சுவழக்கைக் காட்டிச் சிரிக்கவைப்பது மலிவான கலை என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்தனர். ஒருவன் மற்றொருவனைத் தாழ்த்தச் சிரித்தால் அது மலிவுதான். சாதியையும் உடற்குறையையும் ஏளனஞ்செய்யும் எழுத்தை நாமும் கண்டிப்போம். ஆனால் நால்வரும் நால்வகைத் தமிழ் பேசி, நால்வரும் ஒருங்கே நகைப்புக்கு ஆளாகும் இடத்தில் தாழ்ந்தவன் எவன்? காத்தான்குடியும் ஆரையம்பதியும் வேலிக்கு வேலி நிற்கும் நம் மாவட்டத்தார்க்கு இதன் பெறுமதி புரியவேண்டும். 1990ஆம் ஆண்டு ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் சிந்திய குருதிக்குப் பின், ஒருவர் பேச்சை மற்றவர் வாயில் வைத்து அன்போடு சிரிக்கும் துணிவு நம்மிடம் எத்துணை எஞ்சியிருக்கிறது?

அப்படியாயின், கோபுவுக்குக் கிடைத்த வாழ்வு ராம்தாசுக்கு ஏன் கிடைக்கவில்லை? வேளாண்மை செய்வோர்க்கு விடை தெரியும். விதைநெல் நல்லதாயிருந்தும் குளத்து நீரும் சந்தையும் இல்லையெனில் களத்துக்கு என்ன வந்துசேரும்? கோபுவின் பின்னே சபாவும் மேடையும் படப்பிடிப்பு நிலையமும் பல இலட்சம் பார்வையாளரும் இருந்தனர். நமக்கு எழுபதுகளில் முளைத்த சிறு பயிரையும் காக்க ஆளில்லை. 1983 யூலையில் தமிழ்த் தொழிலதிபர் குணரத்தினத்தின் விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டது. மரிக்காராக இந்நாட்டைச் சிரிக்கவைத்த ராம்தாஸ் சென்னையில் குடியேறி, 2016இல் அங்கேயே மறைந்தார்.

தீ வைத்தவர்களை நாம் அறிவோம். தீ அணைந்தபின் என்ன செய்தோம் என்பதே நம்மை நோக்கிய வினா. 1961இல் கச்சேரி வாயிலில் மொழிக்காக அமர்ந்த மாவட்டம் இது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறிற்று. அந்த "உம்" என்னும் ஈரெழுத்தைப் பெற நாம் கொடுத்த விலை சிறிதன்று. ஆயினும் அதனைப் படிவங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் மட்டுமே தேடுகின்றோம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்படக் கூட்டுத்தாபனமும் அந்த "உம்"முக்குக் கட்டுப்பட்டவை அல்லவா? தேர்தல் மேடையில் தமிழ் வாழ்க என முழங்கும் எம் தலைவர்கள், இந்நிறுவனங்களிடம் ஈழத்து நாடக எழுத்தாளனுக்கு ஊதியத்தோடு இடங்கேட்டு எத்தனை முறை வாதாடினர்?

சென்னைப் படத்தைத் தடைசெய் என்று நாம் கேட்கவில்லை. கோபு நம் சொத்துமாவார். நாம் கேட்பவை மூன்று. அரச வானொலியும் தொலைக்காட்சியும் கிழக்கின் நகைச்சுவை எழுத்துக்கு வாரந்தோறும் நேரமும் நியாயமான ஊதியமும் ஒதுக்கவேண்டும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் உள்ளூர் நாடகங்களுக்குத் தம் மண்டபங்களை வாடகையின்றித் தரவேண்டும். திரைப்படக் கூட்டுத்தாபனம் தமிழ்ப் படத்துக்கென உதவிநிதி ஒதுக்கி, அதன் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும்.

நெல்லுக்கு உத்தரவாத விலை கேட்கும் உழவர்களே, நீதிமன்றில் தமிழ் கேட்கும் வழக்கறிஞர்களே, வாக்குக் கேட்டு வருவோரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். "இதுவா இப்போது முக்கியம்?" என்று அவர் நகைப்பாராயின், அந்த நகைப்பையும் தேர்தல் நாள்வரை நினைவில் வையுங்கள்.