கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் யார்?

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

தம்மம்பட்டி போன்ற ஊர்களில் வாடகைத் தகராறு வக்கீல் நோட்டீஸில் தொடங்குவது அபூர்வம். பெரும்பாலும் ஃபியூஸ் கட்டையில்தான் தொடங்கும். முதலில் கரண்ட் போகும், அடுத்து தண்ணீர் நிற்கும். அப்புறம், "நாளைக்குள்ள காலி பண்ணல, சாமானைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன்" என்ற மிரட்டல் வரும். குடியிருப்பவர் போலீஸுக்கு ஓடினால், தமிழ்நாட்டில் பலரும் கேட்டுப் பழகிய பதில் ஒன்று காத்திருக்கிறது: "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க."

கோர்ட்டுக்குப் போகச் சொல்வது சரிதான். ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டும்? காலி செய்ய வைக்க விரும்புகிறவர் வீட்டுக்காரர். வழக்குப் போட வேண்டியவரும் அவரே.

உச்ச நீதிமன்றம் இதில் தயங்கியதே இல்லை. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் உரிமையாளர் தன் கைபலத்தால் இடத்தைப் பிடுங்கக் கூடாது என்று 1967லேயே, லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 1989ல் கிருஷ்ண ராம் மகாலே வழக்கு. இதில் உரிமக் காலம் முடிந்த பின்பும் உணவகம் நடத்திவந்த ஒரு பெண்ணிடமிருந்து இடம் பறிக்கப்பட்டது. தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், நிலையாக அனுபவித்துவரும் ஒருவரைச் சட்டத்தின் வழியாக அல்லாமல் வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பானது. (நேற்று இரவு பூட்டை உடைத்து நுழைந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.) அதற்கும் முன்பு, 1961ல், பஞ்சாபின் பர்னாலாவில் அரசு நிலத்தில் இருந்த தர்மசாலையிலிருந்து ஒரு குடும்பத்தை அதிகாரிகளே போலீஸ் துணையோடு வெளியேற்றியதை அதே நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அரசுக்கே இல்லாத அதிகாரம் வீட்டுச் சொந்தக்காரருக்கு எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டைத் திரும்பப் பெற விரும்பும் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. மின்சாரம், தண்ணீர், நடைபாதை விளக்கு, கழிப்பிட வசதி போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. மீறினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போகலாம். நிறுத்தியதை உடனே திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். தங்கள் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். இந்த மடல் தங்கள் பெயருக்கு வருவதன் காரணம் அதுதான்.

காலம் கடப்பது இன்னொரு ஆபத்து. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகை தீர்வழிச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். பட்டா யார் பெயரில் என்ற கேள்வியே அங்கே எழாது. அந்தத் தீர்ப்பின் மீது மேல்முறையீடும் இல்லை. இவ்வளவு கூர்மையான ஆயுதம், பெரிய மனிதர்களின் சமாதானப் பேச்சிலும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற வாக்கிலும் மொன்னையாகிவிடுகிறது. ஆறு மாதம் தாண்டினால் இந்த வழி அடைபட்டது.

இது வீடுகளோடு நிற்கும் விஷயமும் அல்ல. தம்மம்பட்டி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. வாடகைப் பட்டறையின் கதவில் ஒருவர் புதுப் பூட்டு மாட்டினால் உளியும் கொட்டாப்புளியும் மட்டுமா உள்ளே மாட்டிக்கொள்ளும்? முன்பணம் வாங்கிச் செதுக்கிக்கொண்டிருக்கும் கோயில் வாகனமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். திருவிழாத் தேதியை யாரும் தள்ளிவைக்கப் போவதில்லை. பட்டறைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அந்த ஆறு மாத வழி பட்டறைக்காரருக்கும் திறந்தே இருக்கிறது.

உரிமையாளர்களிலும் எளியவர்கள் உண்டு. ஓய்வூதியப் பணத்தில் கட்டிய ஒரே வீட்டின் வாடகையை நம்பி வாழ்கிறவருக்கு, மாதக்கணக்கில் பணம் தராத குடித்தனக்காரர் பெரும் பாரம். வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல் போன்ற காரணங்களைச் சொல்லி வீட்டைக் கேட்க அதே சட்டம் அவருக்கும் வழி தந்திருக்கிறது. அந்த வழக்குகள் இழுபடுவதால்தான் பலர் பூட்டைத் தேடுகிறார்கள். நீதிமன்றத்தின் வேகம் தங்கள் கையில் இல்லை. ஆனால் வேறு சில காரியங்கள் இருக்கின்றன.

வாடகை அதிகாரி யார், எந்த அலுவலகத்தில், எந்த மேசையில் மனுக் கொடுக்க வேண்டும் என்று பேரூராட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தமிழில் எழுதி ஒட்டச் செய்யுங்கள். சேலம் வரை போய்த் தெரிந்துகொள்ள ஒரு நாள் கூலி போய்விடும். இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணும் அதிலேயே இருக்கட்டும். மின்சாரம், தண்ணீர் நிறுத்திய புகார்களுக்கு இத்தனை நாளுக்குள் இடைக்கால உத்தரவு என்று கெடு வையுங்கள்.

காவல் கண்காணிப்பாளரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதும், வழியை மறிப்பதும், மிரட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றங்கள். அப்படிப்பட்ட புகார் வரும்போது மனுவுக்கு ரசீது கொடுத்து, அன்றைக்கே பூட்டைத் திறக்கச் சொல்லட்டும். "கோர்ட்டுக்குப் போங்க" என்ற வாசகத்தைப் பூட்டுப் போட்டவரிடம் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தம்மம்பட்டி வாடகைக் குடித்தனக்காரர்கள் சார்பில்