வயலில் இறங்கியவர் யார்?

"வீரபாண்டிய கட்டபொம்மன்" படம் 1959-ல் வெளிவந்தது. பி.ஆர்.பந்துலு டைரக்ட் செய்தார். சக்தி கிருஷ்ணசாமி வசனம் எழுதினார். சிவாஜி கணேசன் நடித்தார் என்பதைவிடக் கர்ஜித்தார் என்றால் பொருந்தும். நெல்லைச் சீமையில் இந்தப் படத்துக்குள்ள செல்வாக்கு வேறெந்தப் படத்துக்கும் கிடையாது. மீசை முளைக்காத பையன் கரித்துண்டால் மீசை வரைந்துகொண்டு, பள்ளிக்கூட மேடையில் ஜாக்சன் துரையை மிரட்டுவதை எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்! கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாட்டுக்குப் பதிலாக இப்படத்தின் வசன இசைத்தட்டைச் சுழலவிட்ட காலமும் உண்டு.

1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால்தான், 1956-ல், எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கிற்று; அதற்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் அதன்மேல் குண்டு போட்டன. வெள்ளைக்காரனுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நின்று பேசும் ஒருவனை அந்த ஊர் ஜனங்களுக்குப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படத்தின் இந்தப் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஏகாதிபத்திய வெறுப்பை இவ்வளவு பாமர ஜனங்களிடம் கொண்டு சேர்த்த தமிழ்ப்படம் இன்னொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு சங்கதியைப் பேசியாக வேண்டும்.

கிஸ்தி கேட்கும் ஜாக்சனுக்குக் கட்டபொம்மன் கொடுக்கும் பதில்தான் படத்தின் உயிர். எங்கள் வயலில் இறங்கி ஒரு வேலையும் செய்யாத உனக்கு எதற்காக வரி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1798 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரத்தில் இருவரும் உண்மையாகவே சந்தித்தார்கள். கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் அங்கே வரவழைத்து அவமானப்படுத்தினான். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் என்பவன் செத்தான். பிறகு கம்பெனியே விசாரித்து ஜாக்சனை வேலையிலிருந்து நீக்கிற்று. இதெல்லாம் சரித்திரம். அந்த வசனம் மட்டும் சக்தி கிருஷ்ணசாமியுடையது. உழைக்காதவனுக்குப் பங்கு கிடையாது என்ற நம்முடைய நியாயத்தை அவர் ஒரு ராஜாவின் வாயில் வைத்தார். கொட்டகை அதிர்ந்ததற்குக் காரணம் அந்த நியாயமே.

தோழர்களே, அதே கேள்வியைச் சற்றுச் சிம்மாசனத்தின் பக்கமும் திருப்பிப் பாருங்கள். பாளையக்காரர் வயலில் இறங்கினாரா? பாஞ்சாலங்குறிச்சி கரிசல் பூமி. பருத்தி, கம்பு, சோளம் விளையும் மானாவாரி நிலம். நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கும் வேலையெல்லாம் தெற்கே தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள நஞ்சையில்தான். அங்கே குனிந்த இடுப்பு நிமிராமல் நடவு நட்டவர்களும் களை எடுத்தவர்களும் நம் பாட்டிமார்கள். அவர்களுடைய நெல்லிலிருந்தும் கரிசல்காட்டுச் சம்சாரியின் தானியத்திலிருந்தும் தேசகாவல், ஸ்தலகாவல் என்று பாளையக்காரர்கள் வசூலித்தார்கள். இதையெல்லாம் பிடித்துக்கொண்டு தமிழ்வாணன் "கட்டபொம்மன் கொள்ளைக்காரன்" என்று ஒரு புத்தகமே போட்டார். அதை நாம் ஏற்கவில்லை. தேசத்தையே கொள்ளையடித்த கம்பெனியின் தஸ்தாவேஜை வைத்துக்கொண்டு யாரையும் கொள்ளைக்காரன் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டபொம்மன் பாளையக்காரர்தான், ஆனால் அந்நியனுக்குப் பணியாமல் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கில் தொங்கினார். இரண்டும் உண்மை.

அடுத்து, துரோகம். "எட்டப்பன்" என்றால் இன்று வசைச்சொல். சங்கத்தைக் காட்டிக் கொடுப்பவனை மில் வாசலில் அப்படித்தான் ஏசுகிறோம். வி.கே.ராமசாமி நடித்த அந்தப் பாத்திரத்தைப் பார்த்தால், துரோகம் என்பது பிறவிக் குணம், பொறாமை பிடித்த ஒரு ஆளின் கெட்ட புத்தி என்றே நினைக்கத் தோன்றும். நடந்ததோ வேறு. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நெடுநாளாக எல்லைத் தகராறு. கம்பெனி பக்கம் நின்றால் நிலம் கிடைக்கும் என்பது கணக்கு. கணக்குத் தப்பவில்லை. பாஞ்சாலங்குறிச்சியைப் பறிமுதல் செய்த கம்பெனி, அதன் கிராமங்களை எட்டயபுரம் முதலான விசுவாசிகளுக்குப் பங்கு வைத்தது. 1803-ல் நிரந்தர ஜமீன் சாசனமும் கொடுத்தது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த புதுக்கோட்டைத் தொண்டைமானின் சமஸ்தானம் 1948 வரை நீடித்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1948-ல்தான். ஆக, காட்டிக் கொடுத்த கூலி சுமார் 145 வருஷம் குடியானவன் முதுகிலிருந்து வசூலாயிற்று. இதை எந்தக் காட்சியிலும் காணோம்.

எட்டயபுரத்து ரத்தமே அப்படித்தான் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊரில்தான் 1882-ல் சுப்பிரமணிய பாரதி பிறந்தார் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துவோம்.

யுத்தப் படமானால் காதல் இல்லாமல் முடியுமா? ஜெமினி கணேசன் வெள்ளையத்தேவன், பத்மினி வெள்ளையம்மாள். காளையை அடக்குகிறான், கன்னியை மணக்கிறான், போகாதே என்று அவள் தடுத்தும் போருக்குப் போய் மடிகிறான். பார்த்தவர்கள் அழுதார்கள்; அழவேண்டிய காட்சிதான். ஆனால் இந்த மாதிரிக் கதையை இன்னொரு விதமாகவும் சொல்லலாம் என்பதற்குச் சீனாவில் 1945-ல் நாடகமாகி 1950-ல் படமான "வெண்கூந்தல் பெண்" சாட்சி. ஜப்பானிய யுத்த காலம். கதாநாயகி குத்தகைக்காரன் மகள். கடனுக்காகப் பண்ணையார் அவளைப் பிடித்துக்கொண்டு போகிறான். தகப்பன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவளை மணக்க இருந்தவன் தப்பியோடி எட்டாவது பாதைப் படையில் சேருகிறான். மலைக்குகையில் ஒளிந்து வாழ்ந்து தலை நரைத்துப்போன அவளைப் படையோடு திரும்பிவந்து அவன் மீட்கிறான். அங்கே யாருக்கு யார் விசுவாசம் என்ற கேள்வி அரண்மனையில் எழவில்லை, கடன் பத்திரத்தில் எழுகிறது. நம் ஊரிலும் அப்படி ஒரு ஜோடிக்குப் பஞ்சமில்லை. கவர்னகிரி சுந்தரலிங்கமும் அவனுடைய வடிவும் கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்து மடிந்தார்கள் என்பது கரிசல்காட்டில் வாய்வழியாக வரும் கதை.

படம் 1799-ல், தூக்குக் கயிற்றோடு முடிகிறது. ஜனங்களின் கதை அதன்பிறகுதான் ஆரம்பமாகிறது. பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்த தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பினான். கம்பெனி இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழும்பி நின்றது. மண் சுமந்தவர்கள் யார்? ராஜ வம்சமா? மார்ச் 31-ல் வெள்ளைப் பட்டாளம் அந்த மண்சுவரில் மோதித் தோற்றுத் திரும்பிற்று. பெரும் பீரங்கிகள் வந்த பிறகுதான் மே 24-ல் கோட்டை விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எதிரியின் பட்டாளத்து அதிகாரி வெல்ஷ் என்பவனே எழுதி 1830-ல் அச்சிட்டிருக்கிறான். ஒரு தாய் போர்க்களத்தில் மகனைத் தேடிப் போகிறாள். குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டு தூக்க முனைகிறாள். தன்னை விட்டுவிடும்படியும், பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படியும் அவன் கேட்டுக்கொள்கிறான். அவள் அப்படியே செய்கிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு அந்தக் கிராமத்துக்கு வந்தபோது, பெண்கள் ஊமைத்துரையை வெள்ளைத் துணியால் மூடிவைத்து, வைசூரியில் செத்தவன் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் ஓட்டமெடுத்தார்கள். அந்தத் தாயின் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. அவளுக்கு ஜமீன் கிடைக்கவில்லை, சிலையும் இல்லை. வெள்ளையம்மாளுக்கு ஒதுக்கிய சுருள்களில் இவளுக்கு ஒரு சுருள் ஒதுக்கியிருக்கலாம்.

உயிர் பிழைத்த ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்தான். 1801 ஜூனில் திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கை எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்தே அறைகூவி அழைத்தது. அக்டோபரில் மருதுகளும் நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள்.

பலசாதிக்காரர்கள் ஒரே கோட்டையில் நின்ற இந்தக் கதையைக் கிராமத்துப் பாடகர்கள் மறக்கவில்லை. அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்த பேராசிரியர் நா.வானமாமலை நாங்குநேரிக்காரர். அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சாதியின் பேரால் உடன் படித்தவனை வீடு புகுந்து வெட்டினார்கள். பையன்கள் மணிக்கட்டில் கட்டும் சாதிக்கயிற்றைத் தடுக்கவேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் சிபாரிசு செய்தது.

விஷம் நேற்று ஏறியதல்ல. நெல்லையில் நம் பஸ்கள் நெடுநாள் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் ஓடின. எல்லாச் சாதியாரும் ஏறினார்கள், இறங்கினார்கள். 1997-ல் விருதுநகரில் புதுக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனோடு நின்று மடிந்த அதே சுந்தரலிங்கம்தான். ஆனால் அவன் தாழ்த்தப்பட்டவன் என்பதால் அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆட்கள் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அப்படிக் கிளம்பியவர்களில் மில்லுக்குப் போகிறவனும் வயலுக்குப் போகிறவனும் இருந்தார்கள். பண்ணையார்கள் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் சர்க்கார், எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. சுந்தரலிங்கத்தின் பெயரோடு கட்டபொம்மன் பெயரும் பெயிண்ட் பூசி அழிக்கப்பட்டது.