துவக்கை விட உடுப்புப் பெரிது

கொழும்புக்குப் போக 23 கிலோ சூட்கேஸ் இரண்டை அடுக்கச் சொல்லுங்கோ, எங்கட வீடுகளில் எல்லாரும் நிபுணர்கள். சொக்கிலேற் எங்கே, சென்ற் போத்தல் எங்கே, மச்சாளின் பிள்ளைக்கு வாங்கின சப்பாத்து எங்கே என்று தராசில் நிறுத்து நிறுத்துக் கடைசிக் கிராம் வரைக்கும் நிரப்புவோம். ஆனால் கனடாக் காட்டுக்குள் நாலு நாள் போய்வர ஒரு பையை அடுக்கச் சொன்னால் எங்களுக்குக் கைவராது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. போன ஒக்ரோபரில் இதனால்தான் என் மகனைப் பறிகொடுக்க இருந்தேன்.

மகனுக்கு வயது 26. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவன். வேலைத்தல நண்பர்கள் மூன்று பேருடன், வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, வட ஒன்ராறியோவுக்கு மூஸ் வேட்டைக்குப் போகப் போகிறேன் என்று வந்து நின்றான். துவக்குப் பாதுகாப்பு வகுப்பும் வேட்டைக் கல்வி வகுப்பும் முடித்து அனுமதிப் பத்திரங்களும் எடுத்துவிட்டான். வீட்டில் பெரிய சண்டை. "துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீ காசு குடுத்துத் துவக்குத் தூக்கப் போறியோ?" என்று தாய் கேட்டா. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. கடைசியில், வேட்டையாடாத ஆளாக நானும் கூடப் போவது என்று முடிவானது.

முகாம் நடத்துபவர் இரண்டு பக்கப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். துவக்கு, தோட்டா, தொலைநோக்கி பற்றிய பகுதியை மகன் மனப்பாடம் செய்தான். உடுப்புப் பற்றிய பகுதியை ஒருக்கா மேலோட்டமாகப் பார்த்தான். மலிவு விற்பனையில் ஆமிக்காரரின் உடுப்பு மாதிரி ஒரு சோடி வாங்கினான். உள்ளே போட வழக்கமான பருத்தி ரீசேட்டும் ஹூடியும், காலுக்கு ஜீன்ஸ். சப்பாத்து வாங்கினது புறப்படுவதற்கு முதல்நாள்.

நான் அவனிலும் மோசம். நாலு பெனியன், ஒரு குடை, ஒரு குரங்குத் தொப்பி, பூச்சி உருண்டை மணக்கும் பழைய சுவெற்றர், மிளகாய்த்தூள் போத்தல். எல்லாம் "இருக்கட்டும்" என்று வைத்தவைதான். மூஸுக்குக் கண்ணை விட மூக்குத்தான் கூர்மை என்று பிறகுதான் அறிந்தேன். எங்கள் வீட்டுத் தாளிப்பு மணமும் பூச்சி உருண்டையும் சேர்ந்து ஏரிக்கு அக்கரை வரைக்கும் போயிருக்கும்.

முகாமுக்குத் தெரு இல்லை. ஏரியில் இறங்கும் சிறிய விமானத்தில்தான் போகவேண்டும். சில்லுப் பூட்டின சூட்கேஸ் அதற்குள் அடங்காது, மடங்கக்கூடிய துணிப் பைதான் சரி. ஒவ்வொரு பையையும் நிறுத்தார்கள். என் சூட்கேஸைக் கரையிலேயே விட்டுவிட்டு, பாதிச் சாமானைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் மாற்றினேன். மகனுக்கு வெட்கம். ஆனால் இவை எல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள்.

இரண்டாம் நாள் மழை. உறைகிற குளிர்கூட இல்லை, ஐந்தாறு பாகை இருக்கும். அதுதான் எங்களை ஏமாற்றியது. காலையில் வேகமாக நடந்ததில் மகனுக்கு உள்ளே வேர்வை. சதுப்பில் முழங்கால் வரை இறங்கியதில் ஜீன்ஸ் நனைந்தது. பிறகு ஓரிடத்தில் அசையாமல் காத்திருக்கவேண்டும். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். "குளிருதோ தம்பி?" என்று கேட்டேன். "ஐ ஆம் ஃபைன் அப்பா" என்றான். சொல் குழறியது. ஜக்கெற்றின் சிப்பை இழுக்க விரல் வரவில்லை. அந்தக் கையில்தான் துவக்கும் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கோ.

வழிகாட்டி ஒரே பார்வையில் கண்டுகொண்டார். துவக்கை வாங்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தார். காற்றுப் படாத மரக்கூட்டத்துக்குள் அவனைக் கொண்டுபோய், ஈர உடுப்பு முழுவதையும் கழற்றி, தன் பையில் இருந்த உலர்ந்த கம்பளி உடுப்பைப் போட்டுவிட்டு, சீனி போட்ட சுடுதேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். நடுக்கம் நிற்க நெடுநேரம் எடுத்தது. உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து, அதற்கு மைனஸ் 30 தேவையில்லை, ஈரமும் காற்றும் போதும் என்று அன்றிரவு எங்களுக்குச் சொன்னார்.

பருத்தி எங்கள் ஊர் வெயிலுக்கு அருமையான துணி. வேர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிர வைக்கும். பிரச்சினை என்னவென்றால், இங்கேயும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தாங்கி நிற்கும். அதனால் உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதற்கு மேலே தடித்த கம்பளி அல்லது ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத ஜக்கெற் என்று மூன்று அடுக்கு வேண்டும். நடக்கும்போது ஒன்றைக் கழற்றி, உட்காரும்போது போடவேண்டும். இறகு அடைத்த விலையுயர்ந்த ஜக்கெற் நனைந்தால் சுருங்கிப் பயனற்றுப் போகும். சப்பாத்தைச் சில வாரம் முன்பே போட்டு நடந்து பழக்கவேண்டும். இரண்டு சொக்ஸ் போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

நிறத்துக்கும் சட்டம் உண்டு. ஒன்ராறியோவில் மூஸ், மான் போன்றவற்றின் துவக்குப் பருவத்தில் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற செம்மஞ்சள் அணியவேண்டும். தொப்பியும் அதே நிறம். இலைவடிவம் போட்ட செம்மஞ்சள் அந்த 400 இல் சேராது. மான் இனங்களின் கண்ணுக்கு அந்த நிறம் எங்களுக்குத் தெரிவதுபோலப் பளிச்சிடாது, மற்ற வேட்டைக்காரனின் கண்ணுக்குத் தெரியும். மகன் ஆசைப்பட்டு வாங்கின உடுப்பு கடைசியில் செம்மஞ்சளுக்கு உள்ளே மறைந்துதான் கிடந்தது.

தீப்பெட்டி, விசில், திசைகாட்டி, கத்தி, தலையில் கட்டும் ரோச், மெல்லிய வெள்ளித்தாள் போர்வை ஆகியவை பையில் அல்ல, உடம்பில் இருக்கவேண்டும். பையை வைத்துவிட்டு நாலு அடி போனவன்தான் வழி தவறுவான். கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். "குளிருக்கு நல்லது" என்று எங்கட ஆம்பிளையள் பைக்குள் ஒரு போத்தலை வைப்பார்கள். குடித்தால் தோல்தான் சூடாகும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். துவக்கும் போத்தலும் ஒரே பையில் போகவே கூடாது.

இதை எழுதும்போது 1995 ஒக்ரோபர் 30 ஞாபகம் வருகிறது. வலிகாமத்தை விட்டு எல்லாரும் மழைக்குள் வெளிக்கிட்ட இரவு. எங்கட ஐயா முதலில் எடுத்தது காணி உறுதியையும் எங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும். அவற்றைச் ஷொப்பிங் பையில் சுற்றி, இன்னொரு பையில் போட்டு, நெஞ்சோடு கட்டிக்கொண்டார். எது நனையக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்த மனிதரின் பிள்ளை நான், என் மகனை ஜீன்ஸோடு சதுப்புக்குள் விட்டேன்.

ஆகவே என் கருத்து இதுதான். பிள்ளையள் காட்டுக்குப் போவதை நாங்கள் தடுக்கமுடியாது. வேட்டையோ, மீன்பிடியோ, கூடாரமோ, இது அவர்களுடைய நாடு. "போகாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு விலகினால், அவர்கள் சொல்லாமல் போவார்கள். அதற்குப் பதிலாக, "உள்ளே என்ன போட்டிருக்கிறாய்?" என்று கேட்போம். வழிகாட்டி அனுப்பும் பட்டியலை ஆலோசனையாக அல்ல, சட்டமாக எடுப்போம். செலவு என்று சொல்லவேண்டாம். பழைய சாமான் கடைகளில் நல்ல கம்பளி மலிவாகக் கிடைக்கிறது. துவக்குக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்குதான். கோடை ஒன்றுகூடலுக்கு ஆயிரம் பேரைச் சேர்க்கிற எங்கள் ஊர்ச் சங்கங்கள், இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம் இதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

இந்த வருசமும் மகன் போகிறான். பட்டியல் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. துவக்கைப் பற்றித் தாயின் எண்ணம் மாறவில்லை. ஆனால் கம்பளிச் சொக்ஸ் நாலு சோடி வாங்கி, பட்டியலில் பேனையால் சரி போட்டவ அவதான்.