அடிக்கல் நாட்டும் முன்னர்

நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையே வீடு கட்டுகின்றனர். கட்டி முடித்த பின் வருகின்ற அறிவு அடுத்த வீட்டுக்குத்தான் உதவும். நமக்கோ அடுத்த வீடு என்பது இல்லை. ஆகவே பிழைகளை எல்லாம் வரைபடத் தாளிலேயே செய்து, தாளிலேயே அழித்து விடுவதே அறிவுடைமை. ஆனால் நம் இல்லங்களில் நடப்பது என்ன? பொருளீட்டும் மகன் துபாயிலோ சவூதியிலோ இருக்கின்றான். வீட்டின் முகப்பைக் கைபேசியில் கண்டு, சரி என்கின்றான். மேற்பார்வை மாமனாருடையது, கணக்கு மைத்துனர் கையில். அந்த வீட்டில் இரவும் பகலும் வாழப்போகும் உம்மாவையும் மனைவியையும் எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. இதையே முதற்பிழை என்பேன். ஏனைய பிழைகளுட் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

தெருவில் செல்வோர் காணும் முகப்புக்குத் தூணும் வளைவும் வைக்கப் பணம் இருக்கின்றது. புகை வெளியேற அடுக்களைக்கு ஒரு நல்ல சாளரம் வைக்க இடமில்லை! முழங்கால் நோவால் வருந்தும் மூதாட்டிக்குப் படுக்கை மாடியில். அவர் ஒளுச் செய்ய அமர்வதற்குக் கீழ்த்தளத்தில் ஓர் உயரமான கல் இருக்கை கிடையாது. உம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள்.

திருமறையின் 'அந்நூர்' அத்தியாயம், 58-ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். வைகறைத் தொழுகைக்கு முன்னரும், ஆடை களைந்து ஓய்ந்திருக்கும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்னரும் வீட்டுப் பணியாளரும் பருவமெய்தாச் சிறுவருங்கூட அனுமதி பெற்றே உள்ளே வருமாறு அது பணிக்கின்றது. அனுமதி கேட்க வேண்டுமாயின் நிற்பதற்கு ஒரு தாழ்வாரமும், தட்டுவதற்கு ஒரு கதவும் வேண்டுமன்றோ? இன்றோ விருந்தினர் அமரும் கூடத்திற்கு நேராகவே படுக்கையறையின் வாயில் திறக்கின்றது. அடுக்களைக்குச் சுவரே இல்லை. விருந்தினர் எழுந்து செல்லும் வரை பெண்கள் தம் வீட்டிலேயே சிறைப்பட்டிருக்கின்றனர். வாயிலை மூன்றடி தள்ளி வைத்திருந்தால் இத்தொல்லை இல்லை.

கழிப்பறையைப் பற்றியும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைத் தம் இல்லத்தில் தங்க வைக்கும் பேறு பெற்ற அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள், ஷாம் நாட்டுக்குச் சென்றபோது அங்குக் கழிப்பிடங்கள் கிப்லாவை நோக்கிக் கட்டப்பட்டிருக்கக் கண்டார்கள். திரும்பி அமர்ந்து, இறைவனிடம் பிழை பொறுக்க வேண்டினார்கள். சுவர்களுக்குள் அவ்வாறு அமர்வது கூடுமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தாளில் கோட்டைத் திருப்புவதற்குக் காசு ஆகாது. நம் நாட்டில் கிப்லா நேர் மேற்கு அன்று. சென்னையில் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை, காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 23 பாகை சாய்ந்தது. இருக்கையை வடக்கு தெற்காக வைத்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது ஒப்பந்தம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று வாய்ப்பேச்சில் முடித்து விடுகின்றோம். கழிவுநீர்த் தொட்டி அதில் அடங்குமா, சுற்றுச்சுவர் அடங்குமா, மின்கம்பி வேலை யாருடையது, என்ன சிமெண்ட், என்ன கம்பி என்பன ஒன்றும் எழுதப்படுவதில்லை. பாதியில் ஓர் அறையைக் கூட்டச் சொல்கின்றோம். அதற்குரிய தொகையையும் பேசுவதில்லை. கூரை போடும் நாளில் வழக்குத் தொடங்குகின்றது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்கலாகாது என்று அது கூறுகின்றது. மேஸ்திரி ஒன்றுவிட்ட மச்சானாக இருந்தாலும் எழுதுங்கள். மச்சானாக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்!

கடற்கரை ஊரார் ஒன்றில் தனியே விழித்திருக்க வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தும், நல்ல தண்ணீர் வண்டிக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த அதிலேயே கலவை குழைக்கின்றனர். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். சில ஆண்டுகளிலேயே கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழும். தொட்டிலின் மேலும் விழலாம். கூரை போட்ட பின் நீர் கட்டுவதிலும் அவசரம் ஆகாது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் என்பது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி. இரண்டாம் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டு மேற்சுவர் எழுப்புவோர் உளர். மாடிக்கென்று மேலே நீட்டி விட்ட கம்பிகளை ஆண்டுக்கணக்கில் மழையில் நனைய விடுவோரும் உளர்.

இவை எல்லாவற்றினும் கொடியது, இல்லாத பணத்தில் கட்டுவது. அண்டை வீட்டார் இரண்டு மாடி எழுப்பினார் என்பதற்காக நாம் மூன்று எழுப்ப, வட்டி நுழைகின்றது. இரண்டாண்டில் திரும்ப இருந்த மகன் இருபதாண்டு அங்கேயே தங்குகின்றான். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிபெருமானார் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை; அபூ கதாதா (ரலி) அக்கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்தார்கள். அவர் விட்டுச் சென்ற கடன் சில தீனார்களே. நாம் முகப்புக்கு ஒட்டும் கல்லின் விலையை அதனோடு வைத்துப் பார்க்கலாம்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். வியர்வை உலரும் முன் கூலி தரப் பணித்த மார்க்கம் நம்முடையது. மேஸ்திரியுடன் நமக்குள்ள வழக்கு, கல் சுமந்த சித்தாளின் கூலியில் விழலாகாது. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்து விட்டார் என்பது நமக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. குடிபுகும் விருந்துக்கு ஆடு பேசப் புறப்படும் முன், அந்தப் பெண்ணுக்கு எத்தனை நாள் பாக்கி என்று கேட்டு, அதை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.